ஒப்படைத்த துப்பாக்கி துருப்பிடித்துத் திரும்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்தல் அறிவிப்பு வந்த கையோடு, உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் செய்தி உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் வரும். எத்தனை பேர் ஒப்படைத்தார்கள், இன்னும் எத்தனை பாக்கி என்ற கணக்கும் அடுத்தடுத்து வரும். அந்தத் துப்பாக்கிகள் எந்த நிலையில் உள்ளே போயின, எந்த நிலையில் திரும்பி வந்தன என்பது மட்டும் செய்தியாவதில்லை. நம் மாவட்டத்தில் துப்பாக்கி சுட்டுத் தேய்வது குறைவு, சும்மா இருந்து துருப்பிடித்துக் கெடுவதுதான் அதிகம். ஒப்படைத்த காலத்தில் கெடுவதை முழுக்கத் தடுக்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். மார்ச் 16 அன்று அறிவிப்பு, ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை. முடிவு வந்து ஒரு வாரம் கழித்தே துப்பாக்கி கைக்கு வரும். விலக்குப் பெறாதவர்களின் துப்பாக்கி ஏறக்குறைய மூன்று மாதம் எண்ணெய் காணாமல் கிடந்து, எடவப்பாதி மழை தொடங்கிய நேரத்தில் வீடு திரும்பியது. வாங்கியவர் உறையோடு கொண்டுபோய் மச்சில் வைத்துவிட்டால் அடுத்த துலா மழை வரை திறந்து பார்க்க மாட்டார். அதற்குள் உள்ளே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

உப்பில்லாத ஊரில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் அந்தக் கணக்கு செல்லாது. கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போதே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். குழலின் மேல் அது படிந்துவிட்டால் அந்த இடம் இங்கே எந்தக் காலத்திலும் முழுதாய் உலராது. விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. துருப்பிடித்த குழலில் விரல் ரேகை வடிவத்திலேயே புள்ளிகள் தெரிவது அதனால்தான். கருநீலப் பூச்சு இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். அது மேல்பரப்பில் உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு அடுக்கு. எண்ணெயைப் பிடித்து வைக்க உதவும், எண்ணெய் இல்லாவிட்டால் பாதுகாப்பு மிகக் குறைவு.

குலசேகரம், அருமனை, கடையாலுமூடு போன்ற ரப்பர் பகுதிகளில் உப்புக்காற்று குறைவுதான், ஆனால் அங்கே வேறு எதிரி உண்டு. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி இரும்பைத் தின்னும். ஷீட் அடிக்கும் கொட்டகையிலோ புகைப்புரையை ஒட்டிய அறையிலோ துப்பாக்கியை வைக்கவே கூடாது. பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா, தோட்டாவின் பித்தளைக் கூட்டில் விரிசல் விடச் செய்யும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல் நிறுவப்பட்டது. ரப்பர் பால் பீப்பாய் இருக்கும் இடத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

இனி, ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் உரிமதாரர் செய்ய வேண்டியது. முதலில் இரு குழலும் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். இரட்டைக் குழல் 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி என்றால் முன்கட்டை, குழல், பின்பகுதி என்று மூன்றாகப் பிரியுங்கள். வெண்கலக் கம்பித் தூரிகையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, தோட்டா ஏறும் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். பாதியில் திருப்பி இழுத்தால் தூரிகைக் கம்பி மடங்கும். பிறகு சிந்தி, அதாவது குழல் துடைக்கும் துணித்துண்டு. ராணுவத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் போட 4-க்கு ஒன்றரை. சிந்தி வெள்ளையாய் வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழற்றும், ஆனால் காக்கும் படலத்தை விட்டுவைக்காது. அதோடு நிறுத்திவிட்டால் துடைக்காத துப்பாக்கியைவிட முன்னதாகத் துருப்பிடிக்கும்.

ஒரு மாதத்துக்குள் திரும்ப எடுப்பதாக இருந்தால் துப்பாக்கி எண்ணெய் நாலு சொட்டு போதும். மூன்று மாதம் என்றால் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். குழலின் உள்ளும் புறமும் பெட்ரோலியம் ஜெல்லியையோ லித்தியம் கிரீஸையோ விரல் படாமல் துணியால் மெல்லிசாகத் தடவுங்கள். அப்படிச் செய்த துப்பாக்கியின் ட்ரிகர் வளையத்தில் 'குழலுக்குள் கிரீஸ் உள்ளது' என்று ஒரு அட்டை கட்டியே ஆக வேண்டும். கிரீஸைத் துடைக்காமல் சுட்டால் அழுத்தம் எகிறிக் குழல் உப்பும்.

தேங்காய் எண்ணெய் போடுவது நம் ஊரில் தலைமுறைப் பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாள்பட்டால் காறி, கொழுப்பு அமிலம் பிரியும். அந்த அமிலம் இரும்பைக் கடிக்கும், மிச்சம் பிசினாய் ஒட்டிக்கொண்டு தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஸ்ட்ரைக்கர் பின்னின் ஓட்டத்தைத் தடுக்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும் போகும், மார்கழிக் காலை மலையடிவாரத்தில் அது நடக்கும். தையல் மெஷின் எண்ணெய் இயங்கும் பாகங்களுக்குப் பரவாயில்லை, நீண்ட நாள் காப்புக்கு உதவாது. டப்பாவில் ஸ்பிரே செய்யும் டபிள்யூடி-40 நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை வெளியேற்ற நல்லது, அதன் பிறகு துடைத்து முறையான எண்ணெய் போட வேண்டும்.

எண்ணெயை எங்கே போடக் கூடாது என்பதும் முக்கியம். துப்பாக்கியைக் கட்டை கீழேயும் குழல் வாய் மேலேயுமாகச் சாத்தி வைத்தால் எண்ணெய் முழுவதும் பின்பகுதி வழியாக இறங்கி மரத்தின் தலைப்பகுதியில் ஊறும். சில வருடத்தில் மரம் கருத்து, மிருதுவாகி, உதைப்பில் பிளக்கும். பிளந்த கட்டையை ஃபெவிகால் போட்டு ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. வாய் கீழே இருக்கும்படி வைப்பதே சரி. மழைக்காலத்தில் கட்டை உப்பி முன்கட்டை இறுக்கமாகும். உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பங்குனியில் அதே மரம் சுருங்கி ஆடத் தொடங்கும்.

உறையைப் பற்றி ஒரே சொல்: தோல் உறையும் ஸ்பான்ஞ் வைத்த பையும் எடுத்துச் செல்வதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் சுற்றினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. இயந்திர உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் விசிஐ துருத்தடுப்புத் தாளில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் போட்டால் நிற்கும்.

காவல் நிலையங்களில் இடமும் ஆளும் குறைவு என்பது தெரிந்ததே. ஆனால் கேட்பது பெரிய செலவில்லை. சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, ஒன்றோடொன்று உரசாத மரத்தாங்கி ஒன்று போதும். சாக்கில் கட்டி மூலையில் சாத்துவதுதான் குழலில் பள்ளம் விழவும் சுவர் ஈரம் ஏறவும் காரணம். இரும்பு அலமாரியாக இருந்தால் அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விடலாம். 27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 64 சதவீதத்துக்கு இறங்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் அந்த அளவு சூடு வராது. பல்பு இருக்கும் அலமாரியில் தோட்டா இருக்கக் கூடாது. மின்சாரம் வேண்டாம் என்றால் கால் கிலோ சிலிகா ஜெல் துணிப்பையில் தொங்கட்டும். நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மீண்டும் வேலை செய்யும். அதைக் காயவைக்க மறந்தால் இருந்தும் இல்லாத கதைதான்.

மாவட்ட நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகள். ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் துப்பாக்கி எண்ணோடு அதன் நிலையையும் எழுதுங்கள்: குழலுக்குள் துரு உண்டா, கட்டையில் விரிசல் உண்டா, எல்லாத் திருகும் உள்ளனவா. மாதம் ஒருமுறை காவலர் முன்னிலையில் உரிமதாரர் வந்து துடைத்து எண்ணெய் போட அரை மணி நேரம் அனுமதியுங்கள். கடற்கரை நிலையங்களுக்கு இது கண்டிப்பாக வேண்டும். நாகர்கோவில் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்க்கும் ஆர்மரர்கள் இருக்கிறார்கள். நிலையம் நிலையமாக அவர்கள் ஒரு நாள் சுற்றிவந்து பார்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

துருவுக்கு அடுத்தபடியாக துப்பாக்கியைக் கெடுப்பது பொருந்தாத உதிரிபாகம். 'அதே கம்பெனிதானே, அதே மாடல்தானே' என்று ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டுகிறார்கள். எந்தத் துப்பாக்கியில் பாகம் மாறும், எதில் மாறாது என்பது அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு எம்1 கார்பைன் என்ற செமி ஆட்டோமேடிக் துப்பாக்கியைப் பத்து ஒப்பந்த நிறுவனங்கள் செய்தன. ஐபிஎம்மும் அதில் ஒன்று. 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். யாருடைய போல்ட்டையும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) யாருடைய உடலிலும் மாட்ட முடிய வேண்டும் என்பதே அளவுக்கட்டுப்பாடு. போருக்குப் பின் தனியார் செய்து விற்ற நகல்கள் சிலவற்றில் ஸ்பிரிங்கையும் உட்பாகங்களையும் மாற்றினார்கள், பார்க்க அதே துப்பாக்கி, ராணுவப் பாகம் பொருந்தாது. அந்த வகைக் கார்பைனில் வாயு பிஸ்டனுக்கு எண்ணெய் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சூட்டில் எண்ணெய் கரியாய் இறுகிப் பிஸ்டன் சிக்கும், சுட்ட கூடு வெளியே வராது. நம் நாட்டில் செமி ஆட்டோமேடிக் கார்பைன்கள் சாதாரண உரிமத்தில் வராதவை. ஆனால் அந்த ராணுவத் துப்பாக்கியின் வழக்கத்தைப் பார்த்துவிட்டு நம் கையில் உள்ள துப்பாக்கியும் அப்படித்தான் என்று நினைப்பதில்தான் ஆபத்து.

இரட்டைக் குழல் 12 போர் கையால் ராவிப் பொருத்தப்படுவது. குழலின் அடிக்கொக்கியும் உடலின் அச்சும் கரி பூசிப் பார்த்துப் பார்த்து ராவியவை. ஒரே வருடம், ஒரே தொழிற்சாலை என்றாலும் ஒன்றின் குழல் மற்றதில் மாட்டக் கூடாது. மாட்டினால் ஒன்று மூடாது, அல்லது மூடிவிட்டுத் தளரும். தளர்வைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கடகடவென்றால் குழல் முகம் விலகிவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் குழலுக்கும் பின்முகத்துக்கும் நடுவே கீற்று தெரியும். அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள், வாயு முகத்துக்கு நேரே வரும்.

.315 ரைஃபிள் இஷாப்பூரில் லீ என்ஃபீல்டு அமைப்பில் செய்யப்படுவது. போல்ட்டின் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒப்படைத்த இடத்தில் துடைப்பதற்காகக் கழற்றி நாலைந்து போல்ட்டுகள் ஒரே தட்டில் கிடந்தால் மாறிப்போகும். மாறிய போல்ட் நுழையும், மூடும், சுடவும் செய்யும். ஆனால் பூட்டும் காதுகள் அந்த உடலில் சரியாய் உட்காராது, போல்ட் தலைக்கும் தோட்டா விளிம்புக்கும் உள்ள இடைவெளி கூடிவிடும். சுட்ட கூட்டை எடுத்து விளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்குள் பாருங்கள். சுற்றிலும் பளபளப்பான வளையம் தெரிந்தால் கூடு நீண்டிருக்கிறது என்று பொருள். பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள வெடிப்பொட்டு) பின்னால் தள்ளிக்கொண்டு நின்றாலும் அதே கோளாறு. அடுத்த தோட்டாவில் கூடு அந்த வளையத்தில் அறுந்துபோகலாம். மேகசினும் அந்தந்த ரைஃபிளுக்கு உதடு வளைத்துப் பொருத்தியது, மாற்றினால் தோட்டா மூக்கு மோதி நிற்கும்.

ஸ்ட்ரைக்கர் பின் ஒடிந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைவது நடக்கிறது. சாதாரண மைல்டு ஸ்டீலில் கடைந்த பின் கொஞ்ச நாளில் நுனி பரந்து துளையில் சிக்கும். கூராக்கினால் பிரைமரைத் துளைத்து வாயு பின்னே வரும். நுனி அரைக்கோளமாக, வழவழப்பாக, சரியாகப் பதப்படுத்திய எஃகில் இருக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநர் மட்டுமே செய்யலாம். 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும், பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். பம்ப் ஆக்‌ஷனுக்குக் குட்டையான குழல் கிடைக்கிறதென்று மாட்டுகிறவர்களும் கவனிக்க: 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு அது வேறு வகைக்குள் போய்விடும், உங்கள் உரிமம் அதைக் காக்காது.

துரு பிடித்துவிட்டது, என்ன செய்வது? மேலோட்டமான செந்துரு என்றால் நாலு சுழி எண் கொண்ட மெல்லிய எஃகு நார், அதில் எண்ணெய், மெதுவான கை. உப்புத்தாள் வேண்டாம். அது பூச்சை உரித்துவிடும், எண் பொறித்த இடத்தில் பட்டால் எண்ணும் மங்கும். எண்ணை அழிப்பது தனிக் குற்றம். குழலைப் புதிதாய்க் கருக்கக் கொடுக்கும்போது, கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்குகிறவரிடம் இரட்டைக் குழலைக் கொடுக்காதீர்கள். இரு குழலையும் நடுப்பட்டையையும் இணைப்பது ஈயப்பற்று. காஸ்டிக் அதைத் தின்னும், பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராமல் உள்ளிருந்தே அரிக்கும். குழலை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டிப் பார்த்தால் பற்று நன்றாக இருப்பது மணி போல் நீண்டு ஒலிக்கும். மொத்தென்று அடங்கினால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்தில் ஆனி ஆடிக் காற்றில் தூசி புகும். மணவாளக்குறிச்சிக் கரையில் அந்த மணலிலேயே கார்னெட் உண்டு, உப்புத்தாள் செய்ய உதவும் கனிமம் அது. எண்ணெய் அதிகமாய்ப் போட்ட துப்பாக்கியில் அந்தத் தூசி ஒட்டினால் அசையும் பாகங்கள் எல்லாம் தேயும். கரையோரத்தில் உள்ளே எண்ணெய் குறைவாகவும் வெளியே காப்புப் படலம் கூடுதலாகவும் இருக்கட்டும்.

வங்கிக் காவலர்களுக்குத் தோட்டாவைப் பற்றிச் சில விஷயங்கள். தோல் பட்டையில் செருகியே வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், அது சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) சிக்கும். பழைய துப்பாக்கியில் சேம்பர் 65 மில்லிமீட்டராக இருக்கலாம். 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் தாராளமாய் நுழையும், ஏனென்றால் அந்த அளவு சுட்ட பின் வாய் விரிந்த நிலையில் எடுத்தது. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறது என்பதைப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளாமல் குழலின் அடியில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி முன்னே போய் நின்றுவிடும், பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறும். அப்படிச் சுட்டால் பிடித்திருக்கும் இடது கை போய்விடும். இரண்டு அளவும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பழைய தோட்டா வெடிக்காமல் போனால் 30 விநாடி வாயைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடியே நின்று, பிறகு திறவுங்கள்.

பழைய ரைஃபிள் தோட்டாக்களின் பிரைமரிலிருந்து பொட்டாசியம் குளோரைடு படியும். அது உப்பு, எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய். குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் கேப்புத் துப்பாக்கிக்கும் அதே கொதிநீர், கொஞ்சம் சோப்பு சேர்த்து.

காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கி திரும்பியதும் தோட்டா போடுவதற்கு முன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரு பக்கமிருந்தும் பாருங்கள். மூன்று மாதம் சும்மா இருந்த குழல் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கலாம். ஒரு விரற்கடை மண் போதும், குழல் வாழைப்பூ மாதிரி விரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துடைக்கும் கோலை ஒருமுறை முழுக்க விட்டு எடுங்கள். கூட்டைக் குத்தி உடைக்கும்போது மரக்கோல் பயன்படுத்துங்கள், இரும்புக் கம்பி குழல் வாயைக் கீறும். கிரீஸ் முழுவதும் துடைத்து, துப்பாக்கியில் பொறித்த எண்ணை ரசீதோடு ஒப்பிட்டு, போல்ட்டும் குழலும் உங்களுடையவைதானா என்று நிலையத்திலேயே பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.